எல்லாம் போன பிறகு சங்கம் எதற்கு? (வாசகர் கேள்வி பதில்)

பேரிடருக்கும் போருக்கும் பிறகு சிறு தொழில் செய்பவர்கள் மறுபடி எழுந்து நிற்கக் கூட்டுறவுச் சங்கங்கள் எப்படிக் கைகொடுக்கின்றன என்று போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் படித்தேன், சிலவற்றை இரண்டு முறை. சிறிய சங்கங்களின் கணக்குகளைச் சரிபார்ப்பதுதான் இருபது வருடங்களுக்கும் மேலாக என் வேலை. அதில் பார்த்ததையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்துப் பதில் சொல்கிறேன். பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்ததால் யாருடைய பெயரையும் போடவில்லை.

கேள்வி: வெள்ளத்தில் என் தையல் மெஷின் போய்விட்டது. நிவாரணமாகப் புது மெஷின் கொடுத்தார்கள், அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் எங்கள் பகுதியில் பதினாறு பேருக்கும் அதே மெஷின். ஆறு மாதமாக வேலையே இல்லை. வருகிற ஒன்றிரண்டு வேலையையும் ஆளுக்கு ஆள் கூலியைக் குறைத்துப் பிடுங்கிக்கொள்கிறோம். சங்கம் வைத்தால் மட்டும் வேலை வந்துவிடுமா?

வராது. சங்கம் என்று பலகை மாட்டிவிட்டால் யாரும் துணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவரப் போவதில்லை. உங்களுக்குப் போனது என்னென்ன என்று முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மெஷின் ஒன்றுதானா? நூலும் துணியும் கடனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர் கடையை மூடிவிட்டுப் போயிருப்பார். வழக்கமாகத் தைக்கக் கொடுத்தவர்கள் இப்போது சொந்த வீட்டுக் கூரைக்கே காசு தேடிக்கொண்டிருப்பார்கள். உங்கள் பெயரைக் கேட்டாலே வேலை தரும் நம்பிக்கை என்று ஒன்று இருந்ததே, அதுவும் தண்ணீரோடு போயிருக்கும். இத்தனையும் போனதில் திரும்பி வந்தது மெஷின் மட்டும்தான்.

ருவாண்டாவில் நடந்ததைச் சொல்கிறேன். 1994இல் ஏறத்தாழ நூறு நாட்களில் எட்டு லட்சம் பேர்வரை கொல்லப்பட்ட நாடு அது. மிஞ்சியவர்களிடம் காப்பிச் செடி இருந்தது. இருந்தும் அதனால் பெரிய பயன் இல்லை. ஏனென்றால் பழத்தை அவரவர் வீட்டிலேயே கையால் தோலுரித்துக் காயவைத்து, வியாபாரி சொன்ன விலைக்குப் போட்டுவிட்டு வந்தார்கள். அது உலகச் சந்தையில் மட்டமான ரகமாகத்தான் எடுபட்டது. நாட்டின் தெற்கில் மரபா என்ற இடத்தில் 1999இல் இருநூற்றுச் சொச்சம் விவசாயிகள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். உறுப்பினர்களில் கணவனை இழந்த பெண்கள் நிறையப் பேர். 2001இல் ருவாண்டா, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் உதவியோடு ஒரு கழுவு நிலையம் அமைத்தார்கள். காப்பிப் பழம் பறித்த சில மணி நேரத்துக்குள் தோலுரித்து, ஊறவைத்து, கழுவியாக வேண்டும். தாமதித்தால் சுவை கெட்டுவிடும். அந்த இயந்திரத்தைத் தனி ஒரு விவசாயி வாங்க முடியாது, வாங்கினாலும் அதற்குத் தீனி போடும் அளவுக்கு அவரிடம் பழம் கிடையாது. இருநூறு பேர் பழம் ஒரே இடத்துக்கு வந்ததும் இயந்திரம் நாள் முழுக்க ஓடியது, காப்பியின் தரம் ஏறியது, வெளிநாட்டில் வாங்குபவர்கள் மரபா என்ற பெயரைக் கேட்டு வாங்கி நல்ல விலை தந்தார்கள். அதே செடி, அதே மண், அதே மழைதான்.

ஆக, உங்கள் பதினாறு பேரும் உட்கார்ந்து பேச வேண்டிய கேள்வி இதுதான்: ஒருத்தியால் முடியாது, பதினாறு பேரால் முடியும் என்று எது இருக்கிறது? முந்நூறு சீருடைகளைப் பத்து நாளில் தைத்துத் தருகிறோம் என்று தனியாக யாரும் வாக்குக் கொடுக்க முடியாது, பதினாறு பேர் கொடுக்கலாம். துணியைச் சுருளாகவும் நூலைக் கட்டாகவும் மொத்தத்தில் வாங்கலாம். காஜா போடும் மெஷினைப் பொதுவில் ஒன்று வைத்துக்கொள்ளலாம். இப்படி ஏதாவது ஒன்று உறுதியாகத் தென்பட்டால் சங்கம் வையுங்கள். எதுவுமே தென்படவில்லை என்றால் இப்போதைக்கு வேண்டாம். பதிவுக்கும் கூட்டத்துக்கும் அலைவதில் இருக்கிற கொஞ்ச நேரமும் போய்விடும்.

கேள்வி: எங்கள் பட்டறைகள் எல்லாம் எரிந்துபோயின. பதினொரு பேருக்கு இப்போது நான்கு வெல்டிங் மெஷின்தான் மிச்சம், மூன்று பேருடைய சொந்த மெஷின்கள் அவை. கேட்டால் ஒரு நாள் கொடுக்கிறார்கள், மறுநாள் முகம் சுளிக்கிறார்கள். இதில் நியாயம் எந்தப் பக்கம்?

இரண்டு பக்கமும்தான். அதனால்தான் இதை நல்ல மனசுக்கு விட்டுவைக்கக் கூடாது, ஏற்பாடாக எழுதிக்கொள்ள வேண்டும்.

ஜப்பானில் இவாத்தே மாநிலத்தில் ஒமோயே என்று ஒரு கடலோரப் பகுதி. 2011 மார்ச் 11 சுனாமியில் அங்குள்ள மீனவர் கூட்டுறவுச் சங்கத்தாரின் எண்ணூறுக்கு மேற்பட்ட படகுகளில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் தப்பின. படகு தப்பியவர் மறுநாளே கடலுக்குப் போகலாம், போனால் போட்டியே இல்லை. மற்றவர்கள் புதுப் படகுக்குக் காத்திருந்து சலித்து, வேறு ஊருக்கு வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். அப்படிப் போனால் அந்தக் கரையில் தொழிலே அற்றுப்போகும் என்று சங்கத்துக்குத் தெரிந்தது. அடுத்த மாதமே உறுப்பினர்களைக் கூட்டி முடிவெடுத்தார்கள். தப்பிய படகுகளை எல்லோரும் சேர்ந்து பயன்படுத்துவது, வெளியூர்களில் பழைய படகுகளைத் தேடிச் சங்கத்தின் பெயரில் வாங்குவது, சேர்ந்து தொழிலுக்குப் போவது, வருமானத்தைச் சமமாகப் பிரித்துக்கொள்வது. மே மாதமே, அதாவது சுனாமி வந்து இரண்டு மாதத்தில், வகாமே என்ற கடற்பாசி எடுக்கப் படகுகள் போய்விட்டன.

சொந்தப் படகைப் பொதுவில் விட்டவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன். ஒன்று கவனியுங்கள், அது என்றென்றைக்கும் என்று அவர்கள் சொல்லவில்லை. படகுகள் பெருகும்வரைதான். அப்புறம் அவரவர் படகு, அவரவர் தொழில் என்ற பழைய முறைக்குப் படிப்படியாகத் திரும்பினார்கள். இன்னொன்று, சங்கம் சுனாமிக்கு முன்பே இருந்தது. யார் எப்படிப்பட்டவர் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, சங்கம் சொன்னால் நடக்கும் என்ற பழக்கமும் இருந்தது.

உங்களுக்கு அவ்வளவு நாள் பழக்கம் இருக்காது, பரவாயில்லை. மெஷின் வைத்திருக்கும் மூன்று பேருக்கும் சங்கம் வாடகை தரட்டும், மணிக் கணக்கில். அதில் ஒரு பகுதி பழுது பார்க்கும் நிதிக்குப் போகட்டும். எத்தனை மாதத்துக்கு இந்த ஏற்பாடு என்று தேதி போட்டு எழுதுங்கள். ஒவ்வொரு மெஷினிலும் ஒரு சிறு நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள், பென்சிலும் அதே கயிற்றில். எடுத்தவர் பெயர், எடுத்த நேரம், வைத்த நேரம், வைக்கும்போது என்ன பழுது. நான் கணக்குப் பார்த்த ஒரு மரவேலைச் சங்கத்தில் இந்த நோட்டு வந்த பிறகு சண்டை பாதியாகக் குறைந்தது, ஏனென்றால் மெஷின் மேல் வந்த கோபத்தில் பெரும்பகுதி ‘அவன்தான் எப்போதும் வைத்திருக்கிறான்’ என்ற எண்ணம். எழுதிப் பார்த்தால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே அளவுதான் வைத்திருந்தார்கள்.

கேள்வி: ஒரு உதவி அமைப்பு வந்து, முப்பது பேர் பெயர் கொடுத்துச் சங்கமாகப் பதிவு செய்தால் நிதி தருவோம் என்கிறது. பெயர் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். சேரலாமா?

முப்பது பேரும் தங்கள் கையிலிருந்து எதையாவது போடத் தயாரா என்று முதலில் கேளுங்கள். தொகை சிறியதாக இருக்கட்டும், வாரம் ஒரு முறை, ஆனால் தவறாமல். மூன்று மாதம் அப்படிப் போட்டுப் பார்த்துவிட்டு அந்த நிதியை வாங்குங்கள். அதற்குள் முப்பது பேர் பதினெட்டாகக் குறைந்தால் அந்தப் பதினெட்டுப் பேர்தான் உங்கள் சங்கம்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நிதி வாங்குவதற்காகவே தொடங்கிய சங்கங்களின் கணக்கை நிறையப் பார்த்துவிட்டேன். முதல் வருடம் தீர்மானப் புத்தகம் நிரம்பி வழியும், இரண்டாம் வருடம் நான்கு பக்கம், மூன்றாம் வருடம் ஒன்றுமே இருக்காது, அலமாரிச் சாவி யாரிடம் என்றுகூடத் தெரியாது. அந்த உறுப்பினர்கள் யாரும் கெட்டவர்கள் கிடையாது. அது அவர்கள் பணம் என்று அவர்களுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ரைஃபைசன் என்ற ஜெர்மானியர் இதைத் தன் வாழ்க்கையிலேயே பட்டுத் தெரிந்துகொண்டார். 1846–47 குளிர்காலத்தில் கடும் பஞ்சம், அவர் வையர்புஷ் என்ற சிற்றூரின் மேயர். வசதியானவர்களிடம் பணம் திரட்டி, மாவு வாங்கி, ரொட்டி சுட்டு ஏழைகளுக்குக் கடனாகக் கொடுத்தார். மக்கள் பிழைத்தார்கள். அதற்கப்புறமும் பல வருடங்கள் பணக்காரர்களின் தயவில்தான் அவர் உதவிச் சங்கங்களை நடத்தினார். தயவு மெல்ல மெல்ல வற்றியது, சங்கங்களும் தளர்ந்தன. கடைசியில் 1864இல் ஹெடெஸ்டோர்ஃபில் கடன் சங்கத்தைத் தொடங்கியபோது முறையையே மாற்றினார். கடன் வாங்குபவர் உறுப்பினராக இருக்க வேண்டும், ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. உலகம் முழுக்கக் கிராமக் கடன் சங்கங்களுக்கு மாதிரியாக அமைந்தது இந்த இரண்டாவது முறைதான். ரொட்டி கொடுத்தது தவறு என்று நான் சொல்லவில்லை, பசிக்கிற நேரத்தில் கொடுக்கத்தான் வேண்டும். பசி ஆறிய பிறகும் அதே முறையில் தொழிலை நிலைநிறுத்த முடியவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

அந்த அமைப்பிடம் இன்னொன்றும் கேளுங்கள்: தலைவர் யார், என்ன வாங்குவது, யாரிடம் விற்பது என்பதை யார் முடிவு செய்வது? 1995இல் சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டணி ஏற்றுக்கொண்ட ஏழு கொள்கைகளில் நான்காவது இதைப் பற்றியது. வெளியிலிருந்து பணம் வாங்கலாம், ஆனால் கட்டுப்பாடு உறுப்பினர் கையிலேயே இருக்கும்படியான நிபந்தனையில்தான் வாங்க வேண்டும். பதில் மழுப்பலாக வந்தால் அவசரப்படாதீர்கள்.

கேள்வி: போரில் என் அண்ணனை இழந்தேன். எதிர்த் தரப்பைச் சேர்ந்த ஒருவர் இப்போது அதே சந்தையில் என்னைப் போலவே பழம் விற்கிறார். இருவரும் ஒரே சங்கத்தில் சேர வேண்டும் என்கிறார்கள். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் என்ன செய்ய?

உங்கள் கடிதத்தை நான் பல நாள் எடுத்து எடுத்து வைத்தேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: நீங்கள் சேர்ந்துதான் ஆக வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. விரும்பிச் சேர்வதுதான் கூட்டுறவின் முதல் விதியே. இன்றைக்கு முடியவில்லை என்றால் இன்றைக்கு வேண்டாம்.

போஸ்னியாவில் பிராத்துநாத்ஸ் என்ற ஊர், ஸ்ரெப்ரெனிட்ஸாவுக்குப் பக்கத்தில். 1995 ஜூலையில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட போஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்ட வட்டாரம் அது. அங்கே 2003இல் முஸ்லிம், செர்பியர் என இரண்டு தரப்புப் பெண்களும் சேர்ந்து ராஸ்பெரி பழத்துக்காக ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். இன்சியேமே என்று பெயர், இத்தாலிய மொழியில் ‘சேர்ந்து’ என்று அர்த்தம். போருக்கு முன்பே அந்தப் பக்கத்தில் தெரிந்த பயிர் அது, சிறு துண்டு நிலம் போதும், ஆண்கள் இல்லாத வீட்டிலும் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பழம் பறித்தால் தாங்காது. அன்றன்றைக்கே குளிர்கிடங்குக்குப் போக வேண்டும், தனியாகக் குளிர்கிடங்கு வைக்க யாராலும் முடியாது. ஆக, சாயங்காலமானால் இரண்டு தரப்பும் கூடையோடு ஒரே இடத்துக்கு வந்தாக வேண்டும்.

பேசித் தீர்த்துவிட்டு வாருங்கள், அப்புறம் பழம் கொண்டுவாருங்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் அந்தக் கிடங்கு காலியாகத்தான் கிடந்திருக்கும் என்று நினைக்கிறேன். தராசு எல்லோர் கண் முன்னாலும் இருக்கட்டும், முள் நிற்கும்வரை பொறுத்து எடையை உரக்கச் சொல்லட்டும், ரசீதில் எடையும் விலையும் இருவருக்கும் புரியும் மொழியில் இருக்கட்டும். காசாளர் ஒரு தரப்பிலிருந்து வந்தால் கணக்கைச் சரிபார்ப்பவர் மறு தரப்பிலிருந்து வரட்டும். உகாண்டாவில் 2004இல் யூதர், முஸ்லிம், கிறிஸ்தவர் என மூன்று மத விவசாயிகளும் சேர்ந்து ஒரு காப்பிச் சங்கம் தொடங்கினார்கள். அவர்கள் பகுதிமொழியில் அதன் பெயருக்குச் சுவையான அமைதி என்று பொருள். அங்கே பொறுப்புகளை மூன்று பக்கமும் பகிர்ந்துகொண்டார்கள்.

இதெல்லாம் உங்கள் அண்ணனைத் திருப்பித் தராது, அந்த மனிதரை நீங்கள் மன்னிக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. அவர் கூடையிலும் உங்கள் கூடையிலும் ஒரே தராசு ஒரே எடையைக் காட்டுகிறது என்று நம்ப முடிந்தால், ஒரு பருவம் மட்டும் போய்ப் பாருங்கள். பேச வேண்டியதில்லை. முடியவில்லை என்றால் விலகிவிடுங்கள், பங்குத்தொகையைத் திருப்பித் தரச் சங்கத்தின் விதியில் வழி இருக்கிறதா என்று சேரும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புயலுக்குப் பிறகு எங்கள் சங்கத்தில் கடன் வாங்கியவர்கள் எல்லோரும், தள்ளுபடி செய்யுங்கள் என்கிறார்கள். செயலாளர் என்ற முறையில் எனக்குத் தூக்கமே இல்லை.

அந்தக் கடன் யாருடைய பணத்தில் கொடுத்தது? சேமிப்புப் போட்ட உறுப்பினர்களின் பணத்தில். அவர்கள் கூரையும்தானே பறந்தது. தள்ளிவையுங்கள், தவணையை நீட்டுங்கள், அபராத வட்டியை விட்டுவிடுங்கள், முதல் சில மாதம் ஒன்றுமே கேட்காமல் இருங்கள். தொழில் செய்ய முடியாதபடி உடல் முடங்கியவர்கள், குடும்பத்தில் சம்பாதித்தவரை இழந்தவர்கள் என்று இருந்தால் ஒவ்வொரு வீடாகப் பார்த்து, பொதுக்குழுவில் வைத்து, சேமநிதியிலிருந்து ஈடுகட்டுங்கள். அந்த நிதி இந்த மாதிரி நாளுக்காகத்தான் சேர்த்தது. ஒட்டுமொத்தத் தள்ளுபடி வேண்டும் என்று வெளியிலிருந்து யாராவது அறிவித்தால், அந்தத் தொகையைச் சங்கத்துக்கு அவர்கள் கட்ட வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: உறுப்பினர் அட்டை என் கணவர் பெயரில் இருந்தது. நிலநடுக்கத்தில் அவர் போய்விட்டார். பத்து வருடமாகக் கடையை நடத்தியது நான். சங்கம் என்னை வாரிசு என்கிறது, உறுப்பினர் என்று ஏற்க மறுக்கிறது.

மிகவும் வருத்தமாக இருக்கிறது. இது உங்கள் ஒருவர் கதை கிடையாது, அழிவு நடந்த இடங்களில் எல்லாம் இதேதான். சங்கங்களில் வீட்டுக்கு ஒருவர் என்று விதி இருக்கும், அந்த ஒருவர் பெரும்பாலும் ஆணாக இருப்பார், அவர் போன அன்றைக்கு அந்த வீட்டுக்குச் சங்கமே இல்லாமல் போகும். ருவாண்டாவில் 1999இல் பெண் பிள்ளைகளுக்கும் சொத்தில் சம உரிமை தரும் சட்டம் வந்தது. நிலம் யார் பெயரில் என்பது தெளிவாகாமல் கணவனை இழந்த பெண்கள் தொழிலில் கால் ஊன்ற முடியாது என்பது அங்கே பெரிய பிரச்சினையாக இருந்தது.

நீங்கள் வாரிசாகப் பங்கை வாங்கிக்கொள்ளுங்கள், அதை விடாதீர்கள். அதோடு தனியாக உறுப்பினர் விண்ணப்பமும் கொடுங்கள், இந்தத் தொழிலை நான் செய்கிறேன் என்பதற்கு நீங்கள் கையெழுத்திட்ட கொள்முதல் ரசீதுகள் இருந்தால் இணையுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சங்கம் நடத்துபவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் சொல்கிறேன், வீட்டுக்கு ஒருவர் என்ற விதியை எடுத்துவிட்டு, தொழில் செய்பவருக்கு உறுப்பினர் என்று மாற்றுங்கள். அடுத்த அழிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: வெற்றிக் கதைகளையே சொல்கிறீர்களே, கூட்டுறவுகள் விழுவதில்லையா?

விழும். போருக்குப் பிறகு எழுந்த கூட்டுறவுகளில் உலகம் அதிகம் பேசுவது ஸ்பெயினின் மொன்றாகோன் பற்றித்தான். உள்நாட்டுப் போர் 1939இல் முடிந்து, வேலையும் நம்பிக்கையும் இல்லாமல் கிடந்த ஊர். அங்கே வந்த இளம் பாதிரியார் அரிஸ்மென்டியாரியெத்தா 1943இல் ஒரு தொழிற்பள்ளியைத் தொடங்கினார், அதில் படித்த ஐந்து பேர் 1956இல் அடுப்பு செய்யும் கூட்டுறவைத் தொடங்கினார்கள், 1959இல் சொந்தமாக ஒரு வங்கி. பள்ளிக்கும் தொழிலுக்கும் நடுவில் பதின்மூன்று வருடம் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பதினெட்டு மாதத் திட்டத்தில் ஊரை நிமிர்த்திவிடலாம் என்று வருபவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன்.

அந்த அடுப்புக் கூட்டுறவின் வழியில் வந்த பாகோர் வீட்டுச் சாதன நிறுவனம் 2013இல் கடனில் மூழ்கித் திவாலானது. மொன்றாகோனில் அதோடு ஒரே குழுமமாக இணைந்திருந்த மற்ற கூட்டுறவுகள் அதைக் காப்பாற்றப் பணம் போட்டும் நிற்கவில்லை. ஆனால் வேலை இழந்த உறுப்பினர்களில் பெரும்பாலோருக்குக் குழுமத்தின் மற்றக் கூட்டுறவுகளில் வேலையோ முன்கூட்டிய ஓய்வோ ஏற்பாடு செய்தார்கள். தனிச் சங்கமாக இருந்தால் அதற்கு வழியே இல்லை. அதனால்தான் சிறு சங்கங்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஒன்றியமாக இருக்க வேண்டும் என்கிறேன்.

கேள்வி: சங்கமே உறுப்பினர்களுக்குக் காப்பீடு நடத்தலாமா? கம்பெனிகள் எங்களைப் போன்றவர்களைச் சீந்துவதே இல்லை.

நோக்கம் நல்லது, ஆனால் தனியாக நடத்த வேண்டாம். ஒரே பகுதியில் இருக்கும் இருநூறு பேர் தங்களுக்குள் காப்பீடு செய்துகொண்டால், புயல் அடிக்கும் அன்று இருநூறு பேரும் ஒரே நாளில் பணம் கேட்பார்கள். நியூசிலாந்தில் ஏ.எம்.ஐ என்று, காப்பீடு எடுத்தவர்களுக்கே சொந்தமான பெரிய நிறுவனம் இருந்தது. கிறைஸ்ட்சர்ச் நகரத்து வீடுகளில் பெரும் பங்கு அவர்களிடம்தான். 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு அவர்களாலேயே தாங்க முடியாமல் அரசு கைகொடுக்க வேண்டியதாயிற்று. நல்ல நிறுவனம், நேர்மையான கணக்கு, ஆனால் ஆபத்து முழுக்க ஒரே இடத்தில்.

இந்தியாவில் முறைசாராத் தொழில் செய்யும் பெண்களுக்காக 1972இல் இலா பட் தொடங்கிய சேவா அமைப்பு இதை வேறு மாதிரிச் செய்தது. 1992இல் காப்பீட்டைத் தொடங்கியபோது பெரிய காப்பீட்டு நிறுவனங்களின் துணையோடுதான் தொடங்கினார்கள். உறுப்பினரிடம் பணம் வாங்குவது, விளக்கிச் சொல்வது, இழப்பை நேரில் பார்ப்பது எல்லாம் சேவாவின் பெண்கள், பெரிய தொகையின் சுமை நிறுவனத்தின் தலையில். அதுவே 2009இல் தனிக் கூட்டுறவாகப் பதிவானது. உங்கள் சங்கமும் இப்படி நடுவில் நிற்கலாம். கம்பெனி சீந்தாததற்குக் காரணம் இருநூறு பேரைத் தேடித் தேடி வருவதற்கு ஆகும் செலவுதான், சங்கம் அந்த வேலையைச் செய்து கொடுத்தால் பேரம் பேச உங்களிடம் ஒரு பிடி இருக்கும்.

கேள்வி: எங்கள் சங்க அலுவலகத்தில் ஐந்தடி தண்ணீர் நின்றது. பங்குப் பதிவேடு, கடன் பேரேடு எல்லாம் நனைந்து கட்டியாகிவிட்டன. யாருக்கு எவ்வளவு என்றே தெரியாத நிலையில் சங்கத்தைக் கலைத்துவிடலாம் என்று பேசுகிறார்கள்.

கலைக்காதீர்கள். இதே நிலையில் இருந்த ஒரு சிறு வியாபாரிகள் சங்கத்தில் நான் நான்கு நாள் இருந்திருக்கிறேன்.

ஈரமான பேரேட்டைத் திறக்க முயலக் கூடாது, பக்கங்கள் கிழியும். செங்குத்தாக நிறுத்தி நிழலில், காற்றோட்டத்தில் விட்டோம். மேல் அட்டை காய்ந்ததும் உள்ளே ஒவ்வொரு பத்துப் பக்கத்துக்கும் ஒரு பழைய செய்தித்தாள், அது ஈரமானதும் எடுத்துவிட்டு வேறு. மைப்பேனாவில் எழுதியது ஊதா நிறக் கறையாகப் பரவிவிட்டது. பால்பாயிண்டில் எழுதியது முக்கால்வாசி தெரிந்தது. ஓரத்தில் பழைய செயலாளர் பென்சிலில் போட்டிருந்த கூட்டல்கள் மட்டும் அச்சடித்த மாதிரி அப்படியே இருந்தன, அந்தக் கூட்டல்களை வைத்தே பல பக்கங்களை மீட்டோம்.

மீதிக்கு உறுப்பினர்களைப் பாஸ்புக்கோடு வரச் சொன்னோம். அறுபத்துமூன்று பேரில் ஐம்பத்தைந்து பேரிடம் ஏதோ ஒரு சீட்டு இருந்தது. இல்லாத எட்டுப் பேரின் கணக்கைப் பொதுக்கூட்டத்தில் பெயர் சொல்லி வாசித்து, தெரிந்தவர்கள் சாட்சி சொல்ல, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றினோம். அதில் ஒரு வயதான அம்மா, பாத்திரம் விற்பவர், தன் தொகையை வாசித்ததும் எழுந்து, அவ்வளவு இல்லை, மழைக்கு முந்தைய மாதம் நான் கட்டவில்லை, ஒரு தவணை குறைத்து எழுதுங்கள் என்றார். செயலாளர் குறைத்து எழுதினார். பின்வரிசையில் இருந்த ஒருவர் தன் பாஸ்புக்கை மறுபடி எடுத்துப் பிரித்துப் பார்த்தார்.

உங்கள் பேரேடுகள் இன்னும் ஈரமாக இருந்தால் வெயிலில் போடாதீர்கள், தாள் சுருண்டு நொறுங்கிவிடும். காய்ந்த பக்கங்களை வந்த வரிசையிலேயே எண் போட்டு, ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து, வேறு இடத்தில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். பாஸ்புக்கோடு எல்லோரையும் கூப்பிடும் தேதியை இந்த வாரமே குறித்துவிடுங்கள், மாதம் போகப் போக நினைவும் சீட்டும் தொலைந்துகொண்டே போகும்.